ஏழாம் கேள்வி

உலகநாதன் ஐந்தரைக்கு எழுந்தான். குழாயில் தண்ணீர் வரும் நேரம் அது. இரண்டு குடம் பிடித்தான். முகம் மழித்தான். மண்ணெண்ணெய் அடுப்பில் அரிசி வைத்து, அது வேகும் வரை வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டான். சோற்றில் மோர் ஊற்றி நின்றபடியே சாப்பிட்டான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். எட்டு மணிக்குக் கதவைப் பூட்டிச் சைக்கிளை எடுத்தான்.

மனைவி கனகவல்லி போய் நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. தலைப்பிரசவம். குழந்தை இரண்டு நாள் இருந்தது. அவள் ஏழு நாள் இருந்தாள். காய்ச்சல்; பிரசவ ஜன்னி என்றார்கள்.

வேலூர்க்காரன்; கணிதத்தில் பி.ஏ. சிக்கந்தராபாத்தில் மருத்துவச்சிகளுக்கு மூன்று மாதப் பயிற்சி தந்த ஒரு சங்கத்தில் ஆறு வருஷமாகக் குமாஸ்தா. பயிற்சி பலித்ததா என்று அளந்து சொல்வது அவன் பொறுப்பு. அதற்குப் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை அவனே தயாரித்திருந்தான். முதல் அணியில் ரயில்வே பட்டறைப் பக்கத்துத் தமிழ்த் தெருக்களிலிருந்து இருபத்திரண்டு பெண்கள். இருபது பேர் தேறினார்கள். பத்துக்குப் பத்து வாங்கியவள் அம்மணி. அதனால்தான் கனகவல்லிக்கு வலி கண்டபோது அவளைக் கூட்டி வந்தான்.

பதிவேட்டில் அந்தப் பிரசவத்துக்கு அம்மணியின் கைநாட்டு மட்டும் பாக்கி இருந்தது. அதை வாங்கத்தான் இப்போது அவள் வீட்டுக்குப் போனான்.

"வாங்க பாபு," என்றாள். "எம்மேல கோவமா?"

"இல்ல. கட்டை விரலக் கொடு."

மை தொட்டு வைத்தாள். அவன் நிமிர்ந்தபோது சாமி மாடத்தைப் பார்த்தான். சங்கம் கொடுத்த சான்றிதழ் அங்கே சாய்த்து வைத்திருந்தது. அதன் முன்னால், காகிதம் பிரிக்காமல், மருந்து சோப்புக் கட்டி. மேலே குங்குமப் பொட்டு.

"இது ஏன் இங்க இருக்கு?"

"சங்கத்துல கொடுத்ததாச்சே. பத்திரமா வெச்சிருக்கேன்."

"பரீட்சையில சோப்பு எதுக்குன்னு கேட்டேனே. கைக்குன்னு சொன்னியே!"

"நான் எங்க பாபு சொன்னேன்? உங்களையில்ல கேட்டேன்! 'சோப்பா? கைக்கு?'ன்னு. நீங்க பதிலே சொல்லல. பென்சில்ல ஒரு கோடு போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டீங்க. சரி, இவருக்கும் தெரியல போலன்னு விட்டுட்டேன்."

உலகநாதன் நாற்காலி எதுவும் இல்லாததால் அப்படியே நின்றான். கைக்கு என்றால் இந்த ஊர் உருதுப் பேச்சில் ஏன், எதற்கு. கடைவீதியில் தினம் நூறு தடவை காதில் விழும் வார்த்தை. பரீட்சை அறையில் மட்டும் அவன் அதைத் தமிழாகக் கேட்டிருந்தான். ஏழாம் கேள்வி. விடை: கைக்கு. சரி.

"வகுப்புல டாக்டரம்மா சொல்லித் தரலையா?"

"சொன்னாங்களே. இங்கிலீசுல சொன்னாங்க. படமெல்லாம் காட்டினாங்க. ஜோரா இருந்துச்சு."

"பிரசவத்துக்குப் போனா முதல்ல என்ன செய்வே? செஞ்சு காட்டு."

அவள் செம்பில் விரல் நுனிகளை நனைத்தாள். முந்தானையில் துடைத்தாள்.

"அவ்வளவுதான். உங்க வீட்டுலயும் இதேதான் செஞ்சேன். ஒரு குறையும் வைக்கல பாபு."

செவ்வாய் முதல் வெள்ளி வரை இருபத்திரண்டு வீடுகளுக்கும் போனான். கேள்வி கேட்கவில்லை. செய்து காட்டச் சொன்னான். சோப்பு போட்டுக் கழுவியவர்கள் நான்கு பேர். அதில் ஒருத்தி பயிற்சிக்கு முன்பும் அப்படித்தானாம்.

சனிக்கிழமை சங்கத்தின் மேலாளர் டாக்டர் சீதாராமன் முன்னால் அந்தக் கணக்கை எழுதிய தாளை வைத்தான்.

"நாலா?" என்றார். "இருபதுன்னு நீர்தானே ஓய் எழுதிக் கொடுத்தீர்?"

"தப்பா அளந்துட்டேன் சார்."

"அந்த இருபதை நம்பித்தான் திங்கட்கிழமை அறுபது பேர் வரா. அதே பாடம், அதே படிவம்."

"அதான் சார். அறுபது பேரும் இதையே கத்துக்கிட்டுப் போவாங்க. தமிழ்ல, தெலுங்குல சொல்லித் தரணும். கழுவிக் காட்டின பிறகுதான் சான்றிதழ் தரணும். ஒரு மாசம் தள்ளிப் போடுங்க."

சீதாராமன் கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனிதர் இல்லை.

"குமாஸ்தா மனசு மாறிட்டான்னு கமிட்டியில போய்ச் சொன்னா சிரிப்பா. சங்கத்து விதி தெரியுமோல்லியோ? பயிற்சியை நிறுத்தணும்னா ஒரு தாயாரோட புகார் வேணும். ஒண்ணு போதும். இருக்கா?"

"யாரும் புகார் சொல்றதில்ல சார். பிழைச்சவங்க பிழைச்சதே போதும்னு இருக்காங்க."

"பிழைக்காதவா?"

உலகநாதன் தன் தாளை எடுத்து மடித்தான்.

"தாயார் காலமாயிருந்தா, கடைசியா அவ சொன்னதைக் கூட இருந்தவா எழுதிக் கொடுக்கலாம். விதியில இடம் இருக்கு." டாக்டர் ஒரு வெள்ளைத் தாளை அவன் பக்கம் நகர்த்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த மருத்துவச்சி கை அழுக்கா இருந்ததுன்னு ஒரு வார்த்தை. உம்மை யாரும் குறுக்கு விசாரணை பண்ணப் போறதில்லை. நான் நிறுத்திடறேன்."

வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

பக்கத்து வீட்டுச் செல்லம்மா எல்லாரிடமும் சொல்லி வந்தாள், கனகவல்லி முருகா என்று கூப்பிட்டுத்தான் கண்ணை மூடினாள் என்று. செல்லம்மா அப்போது அங்கே இல்லை. அவனும் இல்லை. ஏழாம் நாள் காலை எட்டு மணி வரை இருந்தான். அதன் பிறகு கனகவல்லி யாரிடமும் பேசவில்லை. இருபத்திரண்டுக்கு இருபது என்ற அறிக்கை அன்று தட்டச்சுக்குப் போக வேண்டியிருந்தது.

பேனாவை மையில் தொட்டு எழுதினான். பெயர், கனகவல்லி. வயது இருபத்தொன்று. பிரசவம் பார்த்தவர், அம்மணி. மூன்றாம் நாள் காய்ச்சல். ஏழாம் நாள் மரணம்.

கடைசி வரிக்கு வந்தபோது பேனா நின்றது. அழுக்கு என்பது நான்கு எழுத்து. அறுபது பெண்கள், ஆளுக்கு வருஷம் முப்பது பிரசவம். பெருக்கல் அவனுக்குத் தெரியும். சொல்லாத விடையை ஒருமுறை சொன்னதாக எழுதியிருக்கிறான்; அன்று தெரியாமல். பேனா காய்ந்தது. மறுபடி தொட்டான். கனகவல்லி கடைசியாகச் சொன்னதை எழுதினான்.

"எனக்கு ஒண்ணுமில்ல. நேரமாச்சு பாருங்க, ஆபீசுக்குக் கிளம்புங்க."