அழித்தாலும் திரும்பும் படம்

வரதராஜன்பேட்டை முந்திரித் தோப்பில், தாடையில் சாறு வழிய சுகன்யா மேரி பழம் தின்னும் படம் அது. மூன்று முறை கைப்பேசியில் அழித்தாள். மூன்று முறையும் திரும்பி வந்தது. அவளுடைய கைப்பேசி, பள்ளியில் பாடம் நடத்தும் மடிக்கணினி, ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் கணவன் லியோ பிரபுவின் கணினி ஆகிய மூன்றுக்கும் ஒரே மெயில் ஐடி; ஒன்றில் உள்ள படம் மற்ற இரண்டிலும் தெரியும். மறுநாள் பெரம்பலூரில் அவள் வகுப்புக்கு ஆய்வு. அதிகாரியின் முன் மடிக்கணினியில் அந்தப் படம் வந்து நின்றால் மானம் போகும்.

கணவனை அழைத்தாள்.

"ஏங்க, போன்ல பேய் புகுந்திருக்கு. அழிச்ச போட்டோ திரும்பத் திரும்ப வருது."

"பேய் இல்ல, நான்தான். கம்ப்யூட்டர் குப்பைத்தொட்டியில கெடந்துச்சு, எடுத்து வெச்சேன்."

"எதுக்காம்?"

"ஞாயித்துக்கிழமதானே வூட்டுக்கு வரேன்? மத்த நாள் பாக்க வேணாமா?"

"வேற போட்டோவே இல்லியா?"

"மத்ததுல எல்லாம் ஆதார் அட்டைக்கு நிக்கிற மாதிரி நிக்கிற."

"வெக்கங்கெட்ட மனுஷன்!" என்று அழைப்பைத் துண்டித்தாள்.

பாடப் படங்களைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, மடிக்கணினியிலிருந்து மட்டும் ஐடியை நீக்கினாள். தோப்புப் படத்தைத் தொடவில்லை.

மறுநாள் ஆய்வு முடிந்த மாலையில், ஆலைக் கணினிக்குப் புதிய படமொன்று வந்து சேர்ந்தது. அதில் சுகன்யா மேரியின் வாய் நிறைய லட்டு.