உள்பக்கக் கோடு

தலைமையாசிரியையின் மேசைமேல் தாள் விரிந்திருந்தது. தையல்காரி தன் மகளின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரைபடத்தைச் சரியாகச் சொல்லாவிட்டால் மகளுக்கு இனி கணிதம் கிடையாது. இசைப் பிரிவுதான்.

மகளுக்குப் பார்வையில்லை. எழுத்தையும் எண்ணையும் கணினி வாசித்துச் சொல்லும். படம் என்றால் வாயை மூடிக்கொள்ளும். அதனால் படங்கள் அம்மாவின் வேலை. ரப்பர் விரிப்பில் கெட்டித் தாளை வைத்து, துணியில் அடையாளம் போடும் பல்சக்கரத்தைப் பென்சில் கோட்டின்மேல் உருட்டுவாள். மறுபக்கம் புள்ளிகள் புடைத்து நிற்கும். வட்டமும் சதுரமும் அப்படித்தான் மகளின் விரலுக்கு வந்தன. வரைபடம் இதுதான் முதல் தடவை.

"கோடு எப்படிப் போகுது?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"சமன்பாட்டுப்படி ஏறணும், மிஸ்."

"அதை விடு. விரல் என்ன சொல்லுது?"

மகள் தடவினாள். "இறங்குது."

தலைமையாசிரியை புத்தகத்தைப் பார்த்தார். அதில் கோடு ஏறியது. "இசை ஒண்ணும் கொறச்சல் இல்லம்மா. நல்ல குரல் உனக்கு."

தாளை எடுக்கக் கை நீட்டினார்.

மகள் தாளை விடவில்லை. வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். தோற்ற வழக்கையும் விடமாட்டாள். "ரெண்டுல ஒண்ணுதானே சரியா இருக்கும்" என்று முனகியபடி ஓரத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். விரல் நின்றது.

"இடது பக்கம் இருக்கவேண்டிய நிமிர்ந்த அச்சு வலது பக்கம் நிக்குது. அம்மா, எந்தப் பக்கம் வரைஞ்ச?"

"உள்பக்கம்தான்டி. துணியில வேற எங்க..."

தையல்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். வட்டத்தைக் கவிழ்த்தாலும் வட்டம்தான். சாய்ந்த கோடு அப்படியில்லை; கவிழ்த்தால் ஏறுவது இறங்கும். இடது கையை வலது தோளில் தைத்தவள்போல் நின்றாள்.

"முதுகுல பட்டன் வெச்சிட்டியேம்மா!" மகள் சிரித்தாள்.

தலைமையாசிரியை தாளைத் திருப்பினார். பென்சில் கோடு ஏறியது. மீண்டும் கவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தார்.

"எனக்கு ஒண்ணும் பிடிபடலையே."

"இடது கைய ஓரத்துல வைங்க, மிஸ். வலது கை மட்டும் நகரட்டும். மெதுவா."

அவர் விரல் புள்ளி புள்ளியாக நகர்ந்தது.

"இறங்குது" என்றார் தலைமையாசிரியை.

"அதைத்தானே நானும் சொன்னேன்."

"சரிடியம்மா. கணக்கே எடுத்துக்க. உங்கம்மாவைத்தான் மறுபடி எழுதச் சொல்லணும்."

தையல்காரியின் பையில் மிச்சத் தாள் இருந்தது. எடுத்து விரித்தாள். பென்சிலை இடது ஓரத்துக்குக் கொண்டுபோனாள். நிறுத்தினாள். வலது ஓரத்தில் வைத்தாள்.