அளவெடுத்தவர்

வெந்நீர்ப் பாத்திரத்தை மகளின் கையில் திணித்துவிட்டு, அம்மா உள்ளிருந்தே அறைக்கதவைச் சாத்தினாள். கட்டிலில் சித்தப்பா கிடந்தார். உயிர் போய் இன்னும் உடம்பு ஆறவில்லை. கண்களும் முழுக்க மூடவில்லை. கூடத்தில் அப்பா யார் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார்.

“ஆளுங்க வர்றதுக்குள்ள துடைச்சு விட்டுடு. உன்ன மாதிரி சுத்தமா யாருக்கு வரும்?”

குடும்பத்தில் அவளுக்கு அப்படி ஒரு பெயர். குளிக்கப் போனால் லேசில் வெளியே வர மாட்டாள். சோப்புக் கம்பெனிக்காரன் இவளுக்குச் சிலை வைக்க வேண்டும் என்று அண்ணன் கேலி செய்வான். ஏன் இப்படிக் கழுவுகிறாய் என்று கேட்டவர் மனநல மருத்துவர் மட்டும்தான். அவரிடம் போவது வீட்டில் யாருக்கும் தெரியாது.

“உள்ளுக்குள்ள அழுக்கா இருக்குன்னு சொன்னீங்களே, பூஜ்யத்துலேர்ந்து நூறு வரைக்கும் வச்சா இப்ப எவ்வளவு?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். “அவர் பண்ணினதால நீங்க கெட்டுப்போயிட்டீங்கன்னு எவ்வளவு நம்புறீங்க?” என்றும் கேட்பார். இரண்டுக்கும் அவள் பெரிய எண்களையே சொல்லிவந்தாள். சித்தப்பா செத்தால் எல்லாம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். பாவம், அந்த ஒரு நினைப்பில்தான் இவ்வளவு காலத்தை ஓட்டினாள்.

அவர் மூச்சு நின்றதும் தனக்குத்தானே கேட்டுப் பார்த்தாள். இறங்கவில்லை. யாரும் தொடாமலே உடம்பு பிசுபிசுத்தது. அந்த எண் ஏறிக்கொண்டே போனது, எங்கே போய் நிற்கும் என்று பயமாக இருந்தது.

“மரம் மாதிரி நிக்கிறியே, தண்ணி ஆறிடப் போகுது.”

“நான் தொட மாட்டேம்மா.”

“செத்தவர்கிட்ட என்ன பயம்? உன் யூனிபார்ம் மொத்தமும் பார்த்துப் பார்த்துத் தைச்சுக் கொடுத்த மனுஷன்.”

ஆமாம், பார்த்துப் பார்த்துத்தான். மாடியறையில் அவருடைய தையல் மிஷின் இருந்தது. வளர்கிற பிள்ளைக்குப் பழைய அளவு ஆகாது, மறுபடி எடுக்க வேண்டும் என்பார். போய் அளவு கொடுத்துவிட்டு வா என்று அம்மாதான் அனுப்புவாள்.

“அதனாலதான் தொட மாட்டேன்.”

அம்மா திட்ட வாயெடுத்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

“அளவெடுக்கிறப்பவா?”

அவள் தலையசைத்தாள். அம்மா நம்பாவிட்டால் இந்த வீட்டில் தனக்கு இனி யாருமில்லை என்று தோன்றியது.

அம்மா பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். துணியைப் பிழிந்து அவர் முகத்தைத் துடைத்தாள். கழுத்து, மார்பு, கால் எல்லாவற்றையும் அவசர அவசரமாகத் துடைத்தாள். கைகளுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். கூடத்தில் பேச்சுக்குரல்கள் கூடிக்கொண்டிருந்தன.

அப்பா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். “முடிஞ்சுதா? கை ரெண்டையும் எடுத்து நெஞ்சு மேல வைங்க, எல்லாரும் பார்ப்பாங்க.”

“முடிஞ்சுது” என்றாள் அம்மா. துடைக்காத இரண்டு கைகளும் உள்ளே போகும்படி போர்வையை இழுத்து, ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகினாள்.