ஐஸ் இல்லாத ஃபிளாஸ்க்

ஊசிக்கு அரசாங்கத்திடம் பணம் இருந்தது. சொட்டு மருந்துக்கு இருந்தது. சுவரில் சிரிக்கிற குழந்தை முகம் வரைய பெயிண்டுக்குக்கூட இருந்தது. ஐஸுக்கு மட்டும் இல்லை. எண்பத்தாறாம் வருஷத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்த எரிச்சல்தான். என் தப்பு பிறகுதான் நினைவுக்கு வரும்.

போலியோ சொட்டு மருந்து சூடானால் வீண். நான் நர்ஸாக இருந்த சுகாதார நிலையத்துப் பிரிட்ஜ் தை மாதமே கெட்டுப்போனது. மூன்று முறை எழுதினோம். அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. மருந்து காலை பஸ்ஸில் வெளியூரிலிருந்து வரும். செஞ்சி கடைத்தெருவில் குச்சி ஐஸ் போடும் நூருல்லா பாய் சும்மா கொடுக்கிற கட்டிகளை ஃபிளாஸ்கில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக நடப்பேன். சித்திரையில் கரண்ட் கட் வந்து பாயின் மெஷினும் நின்றது. திண்டிவனத்திலிருந்து ஐஸ் வாங்கிவர யார் பணம் தருவார்கள்?

அன்று பார்த்துக் கோட்டைப் பக்கத் தெருவில் பதினான்கு தாய்மார்கள் காத்திருந்தார்கள். அந்தத் தெருவின் சுகாதார வழிகாட்டி பக்ருன்னிசா அக்கா மூன்று மாதம் வீடுவீடாக ஏறி இறங்கிச் சேர்த்த கூட்டம். ஃபிளாஸ்கைத் திறந்து அவரிடம் காட்டினேன். உள்ளே வெதுவெதுப்பான தண்ணீர்தான் இருந்தது.

“இன்னிக்குத் திருப்பி அனுப்பினா இதுங்க மறுபடி வராது நர்சம்மா. குடுத்துடுங்க. கெடுதல் ஒண்ணும் இல்லியே?”

கெடுதல் இல்லை. பலனும் இல்லை. அதைச் சொல்லாமல் பதினான்கு வாயிலும் இரண்டிரண்டு சொட்டு விட்டேன். எந்தத் தாயின் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த மாதமும் கரண்ட் இல்லை. இரண்டாம் தவணையையும் அப்படியே கொடுத்தேன். அப்போது நிமிர்ந்து பார்த்தே கொடுத்தேன்.

ஆனியில், அந்தப் பதினான்கு தாய்மார்களில் ஒருத்தியான முன்னியின் எட்டு மாதப் பையனுக்குக் காய்ச்சல் வந்து வலது கால் துவண்டுபோனது. மருந்தால்தான் கால் போயிற்று என்று தெருவே பேசியது. மற்ற பதிமூன்று வீடும் கதவைச் சாத்திக்கொண்டன. அக்காவுக்கு யாரும் முகம் கொடுக்கவில்லை. பையனின் காலைப் பற்றி அறிக்கை அனுப்பிய ஒரே வாரத்தில் ஐஸுக்குப் பணம் வந்தது. புதுப் பிரிட்ஜும் வந்து இறங்கியது. அதை எட்டி உதைக்கலாம் போலிருந்தது எனக்கு.

ஆடியில் மூன்றாம் தவணை. அக்காவும் நானும் மதியம்வரை உட்கார்ந்திருந்தோம். முன்னி ஒருத்திதான் வந்தாள். இடுப்பில் பையன். அவன் கால் அவள் புடவையோரம் தொங்கியது. தடுப்பூசி அட்டையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மடங்காமல் வைத்திருந்தாள்.

“மூணு தரம் குடிச்சாதான் முழுசா வேலை செய்யும்னு சொன்னீங்களே நர்சம்மா. ரெண்டுதான ஆயிருக்குது, அதான் கால் இப்படி ஆயிடுச்சு. இன்னிக்குக் குடுத்துட்டா எழுந்து நின்னுடுவான்ல?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ஃபிளாஸ்க் நிறைய ஐஸ் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். சொன்னால் இவளும் போய்விடுவாள் என்று பட்டது. பையன் சமர்த்தாக வாயைத் திறந்தான். இரண்டு சொட்டு விட்டேன்.

“பாக்கலாம்மா,” என்றேன்.

பிரிட்ஜ் கேட்டு எழுதியபோது எங்களுக்கு வந்த பதிலிலும் அதைத்தான் எழுதியிருந்தார்கள்.