சண்முகவேல் ஏன் அதற்குள் செத்தான்?

சண்முகவேல் செத்துப்போயிருந்தான். டெலிவிஷனில் மாலை போட்ட அவனுடைய போட்டோ தெரிந்ததும், ராஜரத்தினத்தின் வீட்டுக் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த முப்பது பேரும் ஒரே குரலில் "ஐயையோ!" என்றார்கள்.

நியாயமான ஐயையோதான். போன சனிக்கிழமைதான் சண்முகவேல் நந்தனம் மைதானத்திலிருந்து ராக்கெட்டில் கிளம்பினான். மேற்கு மாம்பலத்தில் தண்ணீர் வரும் வாடகை வீடு கிடைக்காமல் செவ்வாய்க் கிரகத்துக்குக் குடிபோகும் குமாஸ்தா அவன். பக்கத்தில் மனைவி, மடியில் ஊறுகாய் ஜாடியை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். அதோடு முதல் பகுதி முடிந்தது. இந்த வாரம் எடுத்த எடுப்பிலேயே அவன் போட்டோவாகிவிட்டான். அதை மாட்ட மனைவி சுவரில் ஆணி அடிக்கப் போகிறாள். மூன்று கண்ணும் தலையில் குடைக்கம்பியுமாக வீட்டுக்காரர் ஓடிவந்து, "செவ்வாயில் ஆணி அடிக்கக் கூடாது!" என்று கத்துகிறார்.

"ஏங்க, இவன் எப்பங்க செத்தான்?"

"செய்தியில சொல்லியிருப்பான். நீதான் செய்தி போட்டா எழுந்து போயிடுறியே."

"அங்க ஒரு வாரம்னா நமக்குப் பத்து வருசமாம். வயசாகிப் போய்ட்டான், பாவம்."

"அதெல்லாம் இல்ல. அண்ணாச்சி, உங்க பொட்டி கெட்டுப்போச்சு. நடுவுல விட்டுட்டு விட்டுட்டுக் காட்டுது."

ராஜரத்தினத்துக்குச் சுருக்கென்றது. உஸ்மான் ரோட்டில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் அவர். தெருவிலேயே முதல் டெலிவிஷன் அவருடையது. "பொட்டில ஒண்ணும் இல்ல வே! கதையே அப்படித்தான். ஏ இசக்கி, நீயே சொல்லுட்டி. இது உங்க ஆபீஸ் கதைதானே?"

முப்பது தலைகள் சமையலறை வாசலுக்குத் திரும்பின. அங்கே நின்றிருந்த அவருடைய மகள் இசக்கியம்மாள் இரண்டு பேர் திரும்பினாலே வாய் உலர்ந்துவிடும் ஜாதி. உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு, சொம்பைப் பிடித்தபடியே நின்றாள்.

இது இரண்டாம் பகுதி அல்ல. நான்காம் பகுதி. கடைசி மூன்று பிலிம் டப்பாக்களுக்கு லேபிள் எழுதியது அவள்தான்.

அவள் வேலை பார்த்தது பாண்டி பஜாருக்குப் பின்னால், ஒரு மாடியறையில் இருந்த அறிவியல் மன்றத்தில். மன்றம் என்றால் சுயம்புலிங்கம். முன்னாள் கல்லூரி ஆசிரியர், நாகர்கோவில்காரர். 'செவ்வாயில் வாடகை வீடு' என்ற ஆறு வார நாடகத்தை எழுதி, இயக்கி, வீட்டுக்காரரின் மூன்றாவது கண்ணைத் தன் கையாலேயே ஒட்டியவர். தங்கமான மனிதர். ஆனால் தமிழில் பிழை மட்டும் பொறுக்கமாட்டார். மன்றத்தின் பலகையில் ஓர் ஒற்றெழுத்தை விட்டுவிட்டதற்காக ஓவியரை மாடிப்படியிலேயே திருப்பி அனுப்பினார். எண்களையும் தமிழில்தான் எழுத வேண்டும் என்பார். டப்பாக்களிலும் அப்படியே.

இசக்கி அங்கே மூன்று மாதத் தற்காலிக ஊழியர். செவ்வாயில் சாம்பார் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னது அவள்தான். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்ததற்கு இதைவிட நல்ல வேலை உலகத்தில் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. மாதக் கடைசியில் மூன்று மாதம் முடிகிறது. "நிரந்தரம் பண்ணலேன்னா கடைக்கு வந்துரு. பில் போட ஆளு வேணும்" என்று அப்பா சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை, மன்றத்தின் டைப்பிஸ்ட் நஸ்ருன்னிசா டெலிவிஷன் நிலையத்துக்குப் போய் அந்த டப்பாவை வாங்கிக்கொண்டு வந்தாள். மாடியேறி வந்த மூச்சு அடங்குமுன் அதை இசக்கியின் மேசையில் வைத்தாள்.

"இன்னாடி எழுதி வச்சிக்கீறே இது மேல?"

இசக்கி பார்த்தாள். மூடியின் உச்சியில், பெரிதாக, அழகாக, உ. அதன் கீழே நாடகத்தின் பெயர். அதற்கும் கீழே, இடம் போதாமல், சின்னதாக ௪.

"பிள்ளையார் சுழி" என்றாள்.

"எனக்குத் தெரியுது. அங்க டப்பா எடுத்துக் குடுக்குற பொன்ராஜுக்குத் தெரியலியே. நம்ம சார் தமிழ் நம்பர்தான்னு லெட்டர் போட்டாரு இல்ல? பாவம், அந்த மனுஷன் ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் ஒரு அட்டையில எழுதிச் செவுத்துல ஒட்டி வச்சிக்கீறாரு. அதைப் பாத்துப் பாத்துப் படிக்கிறாரு. உன் சுழி அப்படியே அவரு ரெண்டாட்டம் கீது."

"கீழே நாலு போட்டிருக்கேனே!"

"அதை 'ச'ன்னு படிச்சாராம். 'ச'ன்னா சனிக்கிழமைன்னு நெனச்சாராம். ரெண்டு, சனிக்கிழமை. இன்னா தப்பு?"

ஒரு தப்பும் இல்லை. இசக்கி டப்பாவையே பார்த்தாள். பேனாவை எடுத்தால் அவள் கை தானாகப் போடும் சுழி அது. ஒளிவிலகல் விதிக்கு மேலேயும் போட்டிருக்கிறாள். வீட்டு வண்ணான் கணக்குக்கு மேலேயும் போட்டிருக்கிறாள். ஒரு மனிதனை இரண்டு வாரம் முன்னதாகக் கொன்றது இதுதான் முதல் தடவை.

முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. நஸ்ருன்னிசா அதற்காகவே காத்திருந்தவள் போல மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள்.

"நல்லவேளை, மொத மூணு டப்பாவுக்கு நான் எழுதினேன். எங்க வூட்டுல காகிதம் எடுத்தா மேல 786 போடுவோம். நான் மட்டும் போட்டிருந்தா, எழுநூத்தி எண்பத்தாறாவது பகுதி எங்கேன்னு அந்த மனுஷன் இன்னும் தேடிக்கினு இருப்பாரு!"

கண்ணீர் வரச் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்தபோதுதான் இசக்கிக்குச் சுயம்புலிங்கத்தின் ஞாபகம் வந்தது. அவர் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். நாகர்கோவிலில் டெலிவிஷன் கிடையாது. வியாழக்கிழமை வருவார்.

அதற்குள் கடிதங்கள் வந்துவிட்டன. முதல் பகுதிக்கு வந்தவை நான்கு. அதில் இரண்டு சுயம்புலிங்கத்தின் மச்சினர்கள் எழுதியவை. இந்தப் பகுதிக்கு வியாழன் காலைத் தபாலோடு நூற்று முப்பத்தேழு. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அவற்றைப் பிரித்தார்கள்.

"இதைக் கேளு" என்றாள் நஸ்ருன்னிசா. "'கணவர் போட்டோவை மாட்டுமுன் அந்த அம்மாள் காபி குடித்தது முறையல்ல, செவ்வாயானாலும்.' மயிலாப்பூர்."

"இது மேற்கு மாம்பலம். 'எங்கள் வீட்டுக்காரரும் ஆணி அடிக்க விடுவதில்லை. அவருக்கும் மூன்று கண்கள் என்றே நினைக்கிறோம். எங்கள் பெயரை வெளியிட வேண்டாம்.'"

"அடையாறு ஸ்கூல் டீச்சர். புள்ளைங்கல்லாம் சண்முகவேலுக்கு ரெண்டு நிமிஷம் எழுந்து நின்னாங்களாம்!"

அசோக் நகர்க்காரர் ஒருவர் எட்டுப் பக்கம் எழுதியிருந்தார். காலம் நேர்கோடு அல்ல என்பதை இதைவிட நுட்பமாக யாரும் காட்டியதில்லை என்றார். இன்னொருவர் கார்டில் இரண்டே வரி எழுதியிருந்தார்: 'அறிவாளிகளுக்கு மட்டுமே விளங்கும் நாடகம். எனக்கு விளங்கியது, என் மைத்துனருக்கு விளங்கவில்லை.' திட்டியவர்களும் உண்டு. ஆனால் திட்டியவர்கள்கூடக் கடைசி வரியில் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தார்கள். சண்முகவேல் ஏன் அதற்குள் செத்தான்?

பகல் இரண்டு மணிக்குச் சுயம்புலிங்கம் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே கோபமாக இருந்தார். எழும்பூர் ஸ்டேஷனில் தெரிந்தவர் யாரோ துக்கம் விசாரித்திருக்கிறார்.

"நஸ்ருன்னிசா, தாளை மாட்டு. நிலைய இயக்குநருக்குப் புகார். 'பொன்ராஜ் என்பவரின் பொறுப்பற்ற செயலால், எங்கள் மூன்றாண்டு உழைப்பு...' அடிச்சியா? '...பாழானது. அவர்மீது தக்க நடவடிக்கை எடுக்குமாறு...' நாலு மணித் தபால்ல போயிரணும்."

நஸ்ருன்னிசா இசக்கியைப் பார்த்தாள். இசக்கி எழுந்து நின்றாள். "சார்" என்றாள். அது அவள் காதுக்கே கேட்கவில்லை. மறுபடி உட்கார்ந்தாள்.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால், சுவரில் அட்டை ஒட்டிவைத்துத் தமிழ் எண் படிக்கும் மனிதரின் வேலை போகும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. சொல்ல வாய்தான் வரவில்லை.

டைப்ரைட்டரில் சத்தம் நின்றது. "சார், 'பொறுப்பற்ற'ல தப்பு வந்திடுச்சு. வேற தாள் மாட்டுறேன்" என்றாள் நஸ்ருன்னிசா. பிறகு 'நடவடிக்கை'யில் தப்பு வந்தது. மூன்றாவது தாள் மாட்டும்போது இசக்கி ஒரு காகிதத்தை இழுத்து வைத்து எழுதத் தொடங்கியிருந்தாள். கை வழக்கம்போல் காகிதத்தின் உச்சிக்குப் போனது. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. ஒன்றும் போடாமல் கீழே இறங்கியது.

எழுதி மடித்து, கடிதக் கட்டின் அடியில் செருகி, கட்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுயம்புலிங்கத்தின் முன்னால் வைத்தாள்.

"என்ன பிள்ளே இது?"

"நேயர் கடிதம், சார்."

"எத்தனை?"

நூற்று முப்பத்தேழு என்று சொல்ல வேண்டும். "நூத்தி முப்பத்தெட்டு" என்றாள்.

அவர் முதல் கடிதத்தைக் கோபத்தோடு பிரித்தார். மூன்றாவதில் புருவம் இறங்கியது. மேற்கு மாம்பலத்தில் "ஹ" என்றார். அடையாறு மாணவர்கள் எழுந்து நின்ற இடத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அசோக் நகர்க்காரரின் எட்டுப் பக்கத்தையும் உரக்கப் படித்தார், நடுநடுவே "பாத்தியா, பாத்தியா" என்றபடி. புகார் டைப்ரைட்டரில் பாதியில் நின்றது. கடைசியில் மடித்த காகிதத்தை எடுத்து அதே உற்சாகத்தில் உரக்கத் தொடங்கினார்.

"'அன்புள்ள ஐயா, நான் தங்கள் நாடகத்தை முதல் வாரத்திலிருந்து பார்த்து வரும் நேயர். இரண்டாம் வாரம் நான்காம் பகுதி வந்தது பொன்ராஜ் அவர்களின் பிழை அன்று. டப்பாவின்மேல் எண்ணைவிடப் பெரிதாகப் பிள்ளையார் சுழி போட்ட ஒருவரின் கவன குறைவு. சுழி அவருக்கு இரண்டாகவும், நான்கு சனிக்கிழமையின் சகரமாகவும் தெரிந்தன. சுழி போட்டவர் இயற்பியல் பட்டதாரி. செவ்வாயில் சாம்பார் கொதிக்கும் வெப்பநிலையைச் சரியாகவே சொன்னார். அதையும் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். இப்படிக்கு, இசக்கியம்மாள், தங்கள் அலுவலகம், கதவுக்குப் பக்கத்து மேசை.'"

சுயம்புலிங்கம் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். டப்பாவை எடுத்துப் பார்த்தார். விரலால் காற்றில் ஒரு சுழியும், பக்கத்தில் ஓர் இரண்டும் எழுதிப் பார்த்தார்.

"'கவனக் குறைவு'" என்றார். "க் வரணும். இருக்கிற சொல்லிலெல்லாம் இதிலயா கவனக் குறைவு?"

நஸ்ருன்னிசாவிடமிருந்து ஒரு விக்கல் வந்தது. அவர் அவளைப் பார்த்தார். பிறகு அவருடைய வயிறு முதலில் குலுங்கியது, அப்புறம் தோள், அப்புறம் மூக்குக்கண்ணாடி. "ரெண்டு, சனிக்கிழமை!" என்றார். "அந்த ஆளு சரியாத்தாம்மா படிச்சிருக்கான். தாளை உருவிப் போடு, பிள்ளே."

நஸ்ருன்னிசா தாளைச் சர்ரென்று உருவினாள். இசக்கிக்கு அது போதவில்லை. தன்னைப் பற்றி அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

"சிரிச்சது போதும்" என்று அவரே நிறுத்தினார். "நாளன்னைக்கு எதைப் போட? ரெண்டைப் போட்டா செத்தவன் எந்திரிச்சு நடப்பான். அஞ்சைப் போட்டா அவன் எப்படிச் செத்தான்னு யாருக்கும் தெரியாது. அம்புட்டுக் கடிதத்தையும் படிச்சது நீதான். நீ சொல்லு."

"ரெண்டுதான், சார்." குரல் வந்துவிட்டது. மெலிசாக, ஆனால் வந்துவிட்டது. "அதுக்கு முன்னால ஒரு நிமிஷம், போட்டோ பேசணும்."

"போட்டோ பேசுமா? நீ இயற்பியல்தானே படிச்ச?"

"செவ்வாயில பேசும், சார்."

"என்ன பேசும்?"

அதை நின்றபடி சொல்ல முடியாது. மூலையில் ராக்கெட் ஜன்னலுக்காக வெட்டிய அட்டைச் சட்டம் சாய்ந்து கிடந்தது. இசக்கி அதை எடுத்துத் தலையை உள்ளே நுழைத்துக்கொண்டாள். சட்டத்துக்குள் போனதும் அவளுக்குக் கூச்சமே தெரியவில்லை. செத்தவனுக்கு என்ன கூச்சம்?

"நேயர்களே! நான் செத்து ஒரு வாரம் ஆகிறது. என்னை மாட்ட இன்னும் ஓர் ஆணி கிடைக்கவில்லை. சமையலறையில் அரிசி டின்மேல் சாய்த்து வைத்திருக்கிறார்கள். பொழுது போகவில்லை. நான் ஏன் அதற்குள் செத்தேன் என்று நூற்று முப்பத்தேழு பேர் கேட்டிருக்கிறீர்கள். நியாயம். ராக்கெட்டிலிருந்து இறங்கிய நாளிலிருந்து சொல்கிறேன். டேய், யாரது, விளக்கை அணைக்காதே! நான் பேசிக்கொண்டிருக்கிறேன்!"

கடைசி வரியைக் கேட்டுக் கீழ்க் கடைக்காரர் "யாருப்பா மேல?" என்று குரல் கொடுத்தார். சுயம்புலிங்கம் பதில் சொல்லும் நிலையில் இல்லை. மேசைமேல் கவிழ்ந்திருந்தார்.

"எழுது, எழுது" என்றார் தலையைத் தூக்கி. "அப்படியே எழுது, அரிசி டின்னை விட்றாத. நாளைக் காலைல ஏழு மணிக்குப் படப்பிடிப்பு. சண்முகவேலா நடிச்சவரை நான் போய்ப் பிடிச்சுட்டு வாறேன்."

"சார்" என்றாள் இசக்கி. சட்டத்துக்குள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. "மாசக் கடைசியோட எனக்கு மூணு மாசம் முடியுது."

"மூணு மாசமா? செத்தவன் பேச ஆரம்பிச்சா ரெண்டு வருசத்துக்குக் கதை வருமே, பிள்ளே!" அவர் டைப்ரைட்டர் பக்கம் திரும்பினார். "நஸ்ருன்னிசா, வேற தாள் மாட்டு. நிரந்தரப் பணி உத்தரவு. ஒற்றைப் பாத்து அடி."

டைப்ரைட்டர் இந்தத் தடவை ஒரு தப்பும் இல்லாமல் ஓடியது. இசக்கி சட்டத்தைக் கழற்றப் பார்த்தாள். போகும்போது சுலபமாகப் போன தலை, வரும்போது காதில் மாட்டிக்கொண்டது. இடப்பக்கம் திருப்பினாள், வலப்பக்கம் திருப்பினாள். பின்னல் சிக்கியது.

"ஆடாதே, வாங்கினதுக்கு நீ கையெழுத்துப் போடணும்" என்றாள் நஸ்ருன்னிசா. சட்டத்துக்கு வெளியே கையை நீட்டி, இசக்கியம்மாள் தன் உத்தரவை வாங்கிக்கொண்டாள்.