சண்டைக்குத் தோதான அறை

1

அண்ணிக்குத் தொண்டையில் வலி. இந்தக் கதை அங்கிருந்துதான் கிளம்பியது. எச்சில் விழுங்கினால் முள் குத்துகிற மாதிரி இருக்கிறது என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் நாக்கை அழுத்தி, விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையேம்மா. வேலையில ரொம்பக் கத்துவீங்களோ?" என்றார்.

"கத்தினதே இல்லைங்க," என்றாள் அண்ணி. "அதனாலதான் வலிக்குதோ என்னவோ."

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னாள்:

"தம்பி, எனக்கு ஒரு ரூம் பார்த்துக் குடு. ஊருக்கு நடுவுல, நடுத்தரமான ஓட்டலா. ஒரு நாள் போதும். உங்க அண்ணன்கூட நான் வாய்விட்டு ஒரு சண்டை போடணும்."

அதைக் கேட்டதும் எனக்கு வந்தது இரக்கம் இல்லை. 'அடடா, கதை' என்றுதான் தோன்றியது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் தேவைப்படும்.

2

முதல் வரி என்று எழுதி, பாதியில் விட்டவை:

நகரின் மையப்பகுதியில், ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் அமைந்துள்ள அந்த விடுதி

(ஓட்டல்காரனே இதைவிட நன்றாக எழுதுவான்.)

மனித உறவுகளில் மௌனம் என்பது ஒரு

(ஒரு என்ன? தெரியவில்லை. மூட்டை தூக்குகிற வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்தச் சொல்லை எழுதவே கூச்சமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'வாயை மூடு'.)

சரி, நேராகவே போகலாம். ஒரு ஏற்பாடு மட்டும். 'நான்' என்று எழுத ஆரம்பித்தால் பக்கம் திரும்புவதற்குள் நான் நல்லவனாகிவிடுகிறேன். என் பேனாவுக்கு அப்படியொரு விசுவாசம். அதனால் இனிமேல் என்னைக் 'கொழுந்தன்' என்றே எழுதுகிறேன். அண்ணிக்கு நான் அதுதானே.

3

அண்ணன் சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். அண்ணி தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைக்கிறவள். கல்யாணமான புதிதில், அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர, அண்ணன் ஊருக்குப் போய்ச் சிறுவனான கொழுந்தனை ஒரு பையோடு கூட்டிவந்து வாசலில் நிறுத்தினான். அண்ணியிடம் "ஒரு வாரம்" என்று சொன்னதாகக் கேள்வி. அந்த ஒரு வாரம் பதினொரு வருஷம் நீண்டது.

வீடு என்பது ஒரே அறை. சமையலும் அதிலேயே, படுக்கையும் அதிலேயே. கொழுந்தன் சுவரோரம் படுப்பான். சுவர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், அது பலகை. அந்தப் பக்கத்து வீட்டில் தீக்குச்சி உரசினால் இந்தப் பக்கம் தெரியும்.

கம்பெனியிலோ தலைகீழ். நூற்றுக்கணக்கான மெஷின்கள் ஓடும்போது பக்கத்தில் இருப்பவளிடம் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே பெண்கள் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். சத்தமே இல்லாமல் மாமியாரைத் திட்டுவார்கள், சூப்பர்வைசரைக் கிண்டலடிப்பார்கள். கத்தலாம் என்கிற இடத்தில் கேட்க ஆளில்லை. ஆள் இருக்கிற இடத்தில் கத்த முடியாது. அண்ணியின் வாழ்க்கை இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடிவிட்டது.

வீட்டில் அவளுக்குக் கோபம் வந்தால் கம்பெனிப் பழக்கத்தில் உதடு அசையும். ஜன்னல் வழியாகத் தெருவிளக்கு வெளிச்சம் அவள் முகத்தில் விழும். அண்ணனுக்கு அந்தப் பாஷை தெரியாது. "என்ன?" என்பான். "ஒண்ணுமில்ல, படுங்க," என்பாள்.*

கொழுந்தன் வேலை கிடைத்து வெளியேறியதும் அந்த இடத்தில் அவர்களுடைய மகள் படுத்தாள். இப்போது பரீட்சைக்குப் படிக்கிறாள். அறைக்குள் சத்தம் கூடாது.

* கொழுந்தன் தூங்குவதுபோல் நடித்துக்கொண்டே அந்த உதட்டைப் பார்ப்பான். ஒரு சொல்கூடப் பிடிபடாது. அவன் வாழ்க்கையில் படிக்க ஆசைப்பட்ட முதல் கதை அதுதான். இன்றுவரை படிக்கவில்லை.

4

"ஏன் அண்ணி நடுத்தரமான ஓட்டல்?" என்று கேட்டான் கொழுந்தன்.

"பெரிய ஓட்டல்ல நின்னா உங்க அண்ணன் செருப்பைக் கழட்டிக் கையில புடிச்சுக்குவாரு. அப்புறம் எங்கேர்ந்து சண்டை போடுறது? அவரு ஒரு ஆளா நிக்கணும்ல."

"அப்ப சின்ன லாட்ஜ்?"

"அதுலயும் பலகைச் சுவருதான இருக்கும்? அதுக்கு நம்ம வீடே போதுமே."

"ஊருக்கு நடுவுல எதுக்கு?"

"வெளியே வண்டிச் சத்தம் இருக்கணும் தம்பி. நான் எவ்வளவு சத்தம் போடுவேன்னு எனக்கே தெரியாது."

எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். கொழுந்தன் ஓர் ஓட்டலுக்குப் போன் போட்டான்.

"சார், உங்க ரூம்ல சுவரு கனமா இருக்குமா?"

"ஏசி இருக்கு சார். டிவி இருக்கு. வெந்நீர் இருபத்திநாலு மணி நேரமும்."

"சுவரு சார். சத்தம் வெளியே கேக்குமா?"

"எந்த மாதிரி சத்தம் சார்?" குரலில் உஷார் வந்துவிட்டது. "பார்ட்டியெல்லாம் அனுமதி இல்ல."

"பார்ட்டி இல்லைங்க. புருஷன் பொண்டாட்டி. ரெண்டே பேரு."

"சார், இது குடும்பமா வர்ற இடம் சார்."

"அதனாலதான் சார் கேக்குறேன்."

வைத்துவிட்டார். கொழுந்தன் நேரிலேயே போனான். ரிசப்ஷனில் இருந்தவர் புதுக் கட்டடத்து அறையைப் பெருமையாகத் திறந்து காட்டினார்: பெரிய டிவி, கண்ணாடி அலமாரி, மடிப்புக் கலையாத மெத்தை. கொழுந்தன் விரலை மடக்கிச் சுவரில் தட்டினான். டொங்கென்றது. வெறும் அட்டை.

"பழைய கட்டடம்னு ஒண்ணு பின்னாடி தெரிஞ்சுதே?"

"அது எதுக்கு சார்? அங்க டிவியே சின்னது."

பழைய கட்டடத்தில் மாடியில் கடைசி அறை. ஒரு பக்கம் தெரு. மறுபக்கம் ஒரு சின்ன அறை. தட்டினான். விரல் வலித்தது. செங்கல், அதுவும் இரட்டைக் கட்டு. உள்ளே நின்று தன் பலம் கொண்ட மட்டும் இருமச் சொல்லி ரிசப்ஷன்காரரைக் கேட்டுக்கொண்டு, பக்கத்து அறையில் போய் நின்றான். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அவர் முகம் சிவந்து, கண்ணில் தண்ணீரோடு நின்றிருந்தார்.

"இருமினீங்களா?"

"இன்னும் எப்படி சார் இருமுறது?"

கொழுந்தனுக்கு மனது நிறைந்துவிட்டது.

5

அண்ணனைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய பாடு.

"ஓட்டலா? எதுக்குடா? நமக்கு வீடு இல்லையா?"

"தோள் வலின்னு சொல்றீங்கள்ல. ஒரு நாள் நல்ல மெத்தையில படுங்கண்ணே."

"மெத்தையில படுத்தா எனக்கு இடுப்பு புடிச்சுக்கும்."

"அப்ப தரையில படுங்க. அங்க தரையும் இருக்கு," என்றாள் அண்ணி அடுப்படியிலிருந்து.

அண்ணன் யோசித்தான். பிறகு, இந்தக் கதையில் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைக் கொழுந்தனிடம் கேட்டான்.

"நீயும் வர்றேல்ல? மூணு பேருக்குப் போடச் சொல்லு."

இந்த இடத்தில் கதையை நிறுத்திப் பல நாள் உட்கார்ந்திருந்தேன். அண்ணனைக் கோமாளியாக்குகிறேனோ என்று சந்தேகம். அப்படியில்லை. அவன் கணக்கில் ஓர் அறை என்றால் மூன்று பேர். அதில் தம்பிக்கு ஓர் இடம். தம்பியை விட்டுவிட்டு நல்ல மெத்தையில் படுக்கிற புத்தி அவனுக்குக் கிடையாது. அவனுடைய நல்ல குணமே அதுதான். அண்ணியின் சண்டையும் அநேகமாக அதுதான்.

அநேகமாக என்றுதான் சொல்ல முடியும். வேறு விதமாகவும் ஊகித்துப் பார்த்தேன். கிடங்கில் மேஸ்திரி ஆகச் சொன்னபோது அண்ணன் வேண்டாமென்றது. அண்ணியின் தங்கை கல்யாணத்துக்கு அவளைத் தனியாக அனுப்பியது. எழுதிப் பார்த்தால் எல்லாமே பொருந்துகிறது. எதிலும் அண்ணியின் உதடு அசையவில்லை.

அண்ணன் கேட்டபோது அவள் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். உதடு அசைந்தது. "என்ன?" என்றான் அண்ணன்.

"ஒண்ணுமில்ல. அவன் வரமாட்டான். அவனுக்கு வேலை இருக்கு."

6

அந்த நாள். மகள் தோழி வீட்டுக்குப் படிக்கப் போய்விட்டாள். கொழுந்தன் இருவரையும் மதியமே அறையில் கொண்டுவிட்டான். கதவைத் திறக்கிற அட்டையை எப்படிச் செருகுவது என்று காட்டினான். அண்ணன் குளியலறைக் குழாயைத் திறந்து வெந்நீரில் கையை நீட்டிவிட்டு, "தோ பாரு, நிஜமாவே சுடுது," என்றான். அண்ணி ஜன்னலை மூடினாள். திரைச்சீலையை இழுத்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"நீ கிளம்பு தம்பி," என்றாள்.

கொழுந்தன் கிளம்பினான். மாடிப்படி வரைக்கும் போனான்.

ராத்திரிதான் ஆரம்பிப்பாள் என்று நினைத்திருந்தான், கதைகளில் அப்படித்தானே. அவள் வெயில் இறங்கக்கூடக் காத்திருக்கப் போவதில்லை என்பது அந்த முந்தானைச் செருகலில் தெரிந்துவிட்டது. படியிலிருந்து திரும்பி நடந்தான். பக்கத்து அறையை ஏற்கெனவே தன் பேரில் எடுத்து வைத்திருந்தான். அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தான்: அங்கே யாராவது அந்நியர் இருந்தால் அண்ணிக்குக் கூச்சம் வரும், அதைவிட நம் ஆளே இருப்பது நல்லதில்லையா?

உள்ளே போய்க் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கொழுந்தன் சுவரில் காதை

இல்லை. இதற்கு மட்டும் அந்தப் பெயர் வேண்டாம்.

நான் சுவரில் காதை வைத்தேன்.

ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர்க் குவளையைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். கட்டிலில் ஏறி மேலே வைத்துப் பார்த்தேன். படுத்துக்கொண்டு கீழே வைத்துப் பார்த்தேன். சுவர் குளிர்ந்து கிடந்தது. அந்தப் பக்கம் இத்தனை வருஷச் சண்டை நடக்கிறது. இந்தப் பக்கம் என் ரத்தம் காதுக்குள் ஓடுகிற சத்தம்தான். ஊரெல்லாம் தட்டிப் பார்த்து, ஒருத்தரை இரும வைத்து, நானே பொறுக்கி எடுத்த சுவர்.

இவ்வளவு தூரம் வந்த நீங்களும் இப்போது என் பக்கத்தில்தான் குந்தியிருக்கிறீர்கள். நகர்ந்து உட்காருங்கள், இடம் இருக்கிறது.

7

பொழுது சாயும்போது டீ குடிக்கலாம் என்று கதவைத் திறந்தேன். அதே நேரம் பக்கத்துக் கதவும் திறந்தது. கையில் காலித் தண்ணீர் பாட்டிலோடு அண்ணி.

என்னைப் பார்த்தாள். என் அறை எண்ணைப் பார்த்தாள். என் காதைப் பார்த்தாள். சுண்ணாம்பு ஒட்டியிருந்தது போல.

"கேட்டுச்சா?" குரல் கட்டிப் போய்க் கரகரவென்றிருந்தது.

"இல்லண்ணி. ஒரு வார்த்தைகூட."

"காதை வெச்சுப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அழுததா கத்தியதா தெரியவில்லை. பாட்டிலால் என் தோளில் ஒன்று போட்டாள்.

"அப்பவும் சுவரோரம் படுத்திருந்த. இப்பவும் சுவரோரமா வந்து படுத்திருக்க. உனக்கு வேற இடமே கிடைக்கலையா சாமி?"

உள்ளேயிருந்து அண்ணன் குரல்: "யாரு?"

"உங்க தம்பி!"

அடிவயிற்றிலிருந்து வந்தது. நடைவழி முழுக்க முழங்கியது. அண்ணியின் முழுக்குரலை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

"வந்துட்டானா? உள்ள கூப்பிடு, பாதி மெத்தை சும்மாதான கிடக்கு!"

அண்ணி திரும்பி அறையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "பாத்தியா?" என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"தொண்டை எப்படி இருக்கு அண்ணி?"

"இப்பதான் தேவலாம்னு இருந்துச்சு."

"சண்டை முடிஞ்சுதா?"

"எங்க முடிஞ்சுது? பாதிதான் ஆச்சு. நீ பக்கத்துல இருக்கேன்னு தெரிஞ்ச பிறகு மீதி எப்படி வரும்?" பாட்டிலை என் கையில் திணித்தாள். "தண்ணி புடிச்சு வாசல்ல வெச்சுட்டுப் போ. இன்னொரு நாள் இதே ரூம் போட்டுக் குடு. அன்னைக்கு நீ இந்த ஊர்லயே இருக்கக் கூடாது."

8

இந்தக் கதைக்கு மூன்று முடிவு எழுதினேன். ஒன்றில் அண்ணன் அழுகிறான். ஒன்றில் இருவரும் கடைசியில் சிரித்துவிடுகிறார்கள். இன்னொன்றில் அண்ணி தன் பையை எடுத்துக்கொண்டு தனியாகப் படியிறங்குகிறாள். மூன்றுமே நன்றாகத்தான் வந்தன. மூன்றையும் கிழித்துவிட்டேன். எதை எடுத்துப் படித்தாலும் அந்த அறையின் ஓரத்தில் நான் ஒரு பாயை விரித்து, தூங்குவதுபோல் நடித்துக்கொண்டு கிடக்கிறேன்.

நான் பாட்டிலை வாசலில் வைத்துவிட்டு, என் அறையைக் காலி செய்துவிட்டு இறங்கிவிட்டேன். நீங்கள் வேண்டுமானால் இருக்கலாம். கதவு உங்கள் முன்னால் இருக்கிறது, முடிவும் அதற்குள் இருக்கிறது, தட்டினால் அண்ணன் திறந்துவிடுவான், உட்காரவும் சொல்வான். தட்டுவதும் தட்டாததும் உங்கள் இஷ்டம்.

என் பாக்கி இதுதான், இன்னும் கொடுக்கவில்லை: அண்ணனுக்கும் அண்ணிக்கும், நான் இல்லாத ஒரு நாள்.