சாம்பார் வாளியும் தேக்குக் கதவும்

தாராவியில் செண்பகவல்லி தன் வீட்டுக் கதவைத் திறந்தால் சந்து வராது. அந்த நேரத்தில் பம்பாய்த் தமிழர்களில் யாருக்குப் பெரிய கஷ்டமோ, அவர்கள் வீடு வரும். ஒற்றை அறை, ஒற்றைக் கதவு, வேறு வழி கிடையாது. நிலைப்படியைத் தாண்டினால் ஒரு நாள் சீத்தா கேம்பில் காய்ச்சலில் அனத்தும் பிள்ளையின் பாயருகே நிற்பாள். மறுநாள் உல்லாஸ்நகரில், மாமியாரும் மருமகளும் ஒரே வளையலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க, நடுவில் நிற்பாள். திரும்பிப் பார்த்தால் அந்த வீட்டுச் சுவர்தான் இருக்கும். ஆனதைச் செய்து கொடுத்துவிட்டு, அவர்கள் வாசல் வழியாக வெளியேறி, ரயிலோ பஸ்ஸோ பிடித்துத் தாராவி திரும்புவாள். இதற்காகக் கதவைக் குறை சொல்ல முடியாது. வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட சால் என்கிற பழைய கட்டடம் ஒன்றை இடித்துப்போட்டதிலிருந்து வந்த நல்ல தேக்கு, எந்த மழைக்கும் வீங்கியதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அவர்கள் தொழில் இட்லி. புருஷன் சுடலைக்கண்ணன் விடிந்ததும் இட்லி டப்பாவைச் சைக்கிளில் கட்டி மாட்டுங்கா ரயிலடிக்குப் போவான். பின்னாலேயே செண்பகவல்லி சாம்பார் வாளியோடு பஸ்ஸில் போக வேண்டும். அவன் திறந்தால் அதே கதவில் சாதாரணமாகச் சந்துதான் வரும், சாக்கடை உள்பட. பக்கத்து வீட்டில் தீப்பிடித்தாலும் “நம்ம சைக்கிள நவுத்தணுமாவே?” என்று மட்டும் கேட்கிற ஆள் என்பதால் கதவு அவனை மதிக்கவில்லை என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். ஆக, இட்லி மாட்டுங்காவில், சாம்பார் சாவு வீட்டில். சாவு வீட்டில் அடுப்பு எரியாது, ஆகையால் அங்கே சாம்பாருக்கு மரியாதை இருந்தது. மாட்டுங்காவில்தான் இட்லிக்கு மரியாதை போயிற்று. பாங்கில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற பத்ரிநாராயணன், வெறும் இட்லி தின்ன நான் என்ன ஆஸ்பத்திரியிலா படுத்திருக்கிறேன் என்று கேட்டுவிட்டு அடுத்த சைக்கிளுக்கு நகர்ந்தார். அவர் போனால் அவர் குடியிருக்கும் கட்டடமே பின்னால் போகும். கட்டடம் போனால் ரயிலடி மூலையை இன்னொருவன் பிடித்துக்கொள்வான்.

இதற்கிடையில் செண்பகவல்லி பேர்போன சோஷியல் ஒர்க்கர் ஆகிவிட்டாள். செம்பூர்ப் பக்கத்துக் காலேஜில் சமூகப்பணி படிக்கிற சஃப்ரீன், மனிதர்கள் இந்த வேலைக்கு ஏன் வருகிறார்கள் என்று ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தாள். ஒருவர் தன் தாய் பட்ட பாட்டைச் சொன்னார். ஒருவர் இறைவன் ஏவினான் என்றார். கார்ப்பரேஷன் தேர்தலில் இரண்டு முறை தோற்ற ஒருவர் மக்கள் கேட்டுக்கொண்டார்கள் என்றார். இன்னொருவர், வீட்டில் மனைவி இருக்கிறாள் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். செண்பகவல்லியிடம் வந்து, “ஆன்ட்டி, மத்லப், அதாவது, உங்களுக்கு இன்ஸ்பிரேஷன் யாரு?” என்று கேட்டாள்.

“சாம்பார் விக்கப் போனேம்மா.”

சஃப்ரீனுக்கு ஏமாற்றம். சுடலைக்கண்ணனுக்கு அதைவிட, விற்கப் போன சாம்பார் மாட்டுங்கா வந்து சேரவே இல்லையே. மறுநாளே கதவைக் கழற்றி, பங்கார் கடை நாகூர் மீரானிடம் போட்டுவிட்டு, பதிலுக்கு ஒரு இரும்புக் கதவை வாங்கி மாட்டினான். நாகூர் மீரான் பழைய சாமான் வாங்கி விற்கிறவர். வருகிறவர் முகத்தைப் பார்க்க மாட்டார், தராசு முள்ளைத்தான் பார்ப்பார் என்று பேர். தேக்கு அருமையாக இருக்கவே விற்க மனமில்லாமல் தன் கடைக்கே மாட்டிக்கொண்டார்.

இரும்புக் கதவு ஒழுங்காகச் சந்தைக் காட்டியது. சாம்பார் நேரத்துக்கு மாட்டுங்கா போய்ச் சேர்ந்தது, பத்ரிநாராயணன் கட்டடத்தோடு திரும்பி வந்தார், மூலை தப்பியது. செண்பகவல்லிதான் இளைத்துக்கொண்டே போனாள். சாம்பாரில் உப்பு ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. என்னளா உனக்கு என்று புருஷன் கேட்டால், ஒன்றுமில்லை என்பாள்.

மழை விட்ட ஒரு காலையில் அவள் வீட்டு அடுப்புக்குப் பக்கத்துச் சுவரிலிருந்து நாகூர் மீரான் இறங்கி வந்தார். கையில் ஒரு எடைக்கல் இருந்தது. சுடலைக்கண்ணன் டப்பாவில் இட்லி அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் திடுக்கிடவில்லை. தான் எத்தனையோ பேர் வீட்டுச் சுவரிலிருந்து வந்தவள்தானே. ஒரு காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

“ஒனக்கு என்ன தாயி கஷ்டம்?” என்றார்.

“ஒண்ணுமில்ல பாய். யாவாரம் நல்லாத்தான் போவுது.”

“கதவு பொய் சொல்லாதுல்லா. நான் இதுவரைக்கும் அதத் தொறந்து பாத்ததெல்லாம் கண்ணீரும் கம்பலையும். இன்னைக்கு பம்பாய்லயே நீதான் பெரிய கஷ்டம்னு கொண்டாந்து நிறுத்தியிருக்கு.”

அவள் இட்லி டப்பாவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அந்த சீத்தா கேம்ப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுட்டா?”

“அது எப்பவோ விட்டுட்டு. இப்ப பல்லு மொளச்சு எல்லாரையும் கடிக்கி.”

“வளையலு?”

“வித்து, மாமியாளும் மருமவளும் சேந்து மிக்ஸி வாங்கிட்டாளுவ. இப்ப மிக்ஸிக்குச் சண்ட.”

செண்பகவல்லி முகத்தில் ரத்தம் ஓடியதைச் சுடலைக்கண்ணன் கண்ணால் பார்த்தான். “எனக்கு மனசு பெருசு, தருமசிந்தனை, அதெல்லாம் ஒரு மண்ணும் இல்ல பாய்,” என்றாள் அவள். “ஒரு வீட்டுக்குள்ள போயிட்டு, பொறவு என்ன ஆச்சுன்னு தெரியாட்டா எனக்குச் சோறு எறங்காது. கதவத் திருப்பித் தாரும்.”

“அது நடக்காது தாயி. நாளைக்கு அந்த மிக்ஸி என்னாச்சுன்னு எனக்குத் தெரியாண்டாமா?”

தராசு முள்ளைத் தவிர எதையும் பார்க்காத மனிதர் என்று ஊர் நினைத்திருந்தது தப்பு. அவர் அத்தனை வருஷமும் முகத்தைப் பார்க்காமல் காதைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். கடைக்குப் பழைய குக்கரைப் போட எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள், கூடவே வீட்டுக் கதையையும் போட்டுவிட்டுத்தான் போவார்கள்.

தீர்ப்பைச் சொன்னது சுடலைக்கண்ணன். வாழ்க்கையில் முதல் தடவையாக அடுத்தவர் விஷயத்தில் வாய் திறந்தான் என்பதால் இருவரும் ஒப்புக்கொண்டார்கள். காலையில் சாம்பார் இரும்புக் கதவு வழியாக மாட்டுங்கா போகும். விற்று முடிந்ததும் செண்பகவல்லி பங்கார் கடைக்குப் போய்த் தேக்குக் கதவைத் திறப்பாள். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு மீரான் பாய் முறை. மறுநாள் இருவரும் கடையில் உட்கார்ந்து, அவரவர் போன வீட்டில் நடந்ததை ஒருவருக்கொருவர் ஒப்பிக்க வேண்டும். சஃப்ரீன் அந்தக் கதவைப் பார்க்க வந்தாள், ஒரு தடவை திறந்தும் பார்த்தாள். போனவள் சாயங்காலம்தான் வந்தாள், துப்பட்டாவில் யார் வீட்டு மஞ்சளோ. அன்றைக்கு அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. மறுநாள் எத்தனை மணிக்கு வரலாம் என்று மட்டும் கேட்டாள்.

இப்போது கதவுக்கு மூன்று ஷிப்ட். கீல் கத்துகிறது. வாரம் ஒருமுறை எண்ணெய் விடுவது சுடலைக்கண்ணன் பொறுப்பு. விட்டபின் திறந்து பார்க்கிறான், சந்துதான் வருகிறது. முன்பெல்லாம் பட்டென்று சாத்துவான். இப்போது கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டுச் சாத்துகிறான்.